உபயோகமற்ற சிப்பி, ஒரு மேடு

"முகாம் எல்லைக்குள் இருக்கும் அரசாங்கப் பொருள் எதனாலேனும் மனித உயிருக்கு ஆபத்து நேரும் என்று கருதினால், முகாம் அதிகாரி மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் அதை அப்புறப்படுத்திவிட்டு, பின்னர் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்."

எங்கள் இலாகாவின் விதிப் புத்தகத்தில் இப்படி ஒன்று இருந்தது. அதன் எண்ணும் நினைவிருக்கிறது. எழுதினால் யாராவது சரிபார்க்கக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். அருமையான விதி. எழுதிய துரை ஒரு தடவையாவது பாம்பை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். அதில் ஒரு சிறு சங்கடம்தான். முகாம் அதிகாரி என்பவர், முத்துக்குளிப்பு நடக்கும் என்று அரசாங்கம் அறிவித்த பிறகே நியமிக்கப்படுவார். நான் அங்கே இருந்த நாற்பதுகளில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படவே இல்லை. ஆகவே முகாம் இருந்தது, ஆபத்து இருந்தது, விதியும் இருந்தது. அதைக் கையில் எடுக்க ஆள் இல்லை. நான் கிடங்கு குமாஸ்தா. கிடங்கு குமாஸ்தா என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு விதி உண்டு. பொருள்களைப் பத்திரமாக வைத்திருக்கலாம்.

கிடங்கு கீழவைப்பாருக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவில் நின்றது. கடைசியாக முத்துக்குளித்த காலத்தில் கட்டியது. உள்ளே முக்குளிப்பவர்கள் பிடித்துக்கொண்டு இறங்கும் கற்கள், கயிறுகள், மிதவைகள், கொடிகள், கூடைகள். வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரிகள் படகில் போய், கடலடியில் சிப்பி விளையும் திட்டுகளைப் பார்வையிட்டுவிட்டு, இந்த வருஷமும் விளைச்சல் போதாது என்று எழுதுவார்கள். அந்தச் செய்தி வந்ததும் நான் கயிறுகளை வெயிலில் உலர்த்தி, எண்ணி, மறுபடியும் உள்ளே வைப்பேன். என் உத்தியோகம் அதுதான்.

கிடங்கை ஒட்டி இரண்டு அறையும் ஓர் அடுப்படியுமாகக் குடியிருப்பு. அடுப்படி வாசலில் நின்று பார்த்தால் எதிரே சிப்பி மேடு. எடுத்த சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கிக்கொண்டு வெற்று ஓடுகளை அங்கே கொட்டியிருந்தார்கள். கூரை இறவாணம் உயரத்துக்கு இருக்கும். வெளியே வெயிலில் வெளுத்துக் கண்ணைக் கூசும். உள்ளே ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் சந்து சந்தாக, சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். எலி குடியிருக்க அதைவிட நல்ல இடம் இல்லை. எலியைத் தின்பவற்றுக்கும் அப்படியே.

நான் பொறுப்பேற்றபோது எனக்கு முன்னால் இருந்தவர் கொடுத்த பொருள் பட்டியலில் அந்த மேடு இல்லை. கேட்டேன்.

"அது குப்பைல்லா சார்வாள்," என்றார். "குப்பையை எவனாவது கணக்குல எழுதுவானா?"

நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்தவன். முகாமில் கிடக்கும் சிப்பி அத்தனையும் அரசாங்கத்துடையது என்று விதி சொல்லும்போது, கண்ணெதிரே மலைபோல் கிடப்பதை இல்லை என்று கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. பட்டியலின் கடைசியில் "உபயோகமற்ற சிப்பி, ஒரு மேடு" என்று சேர்த்தேன். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஒரு வரியாகக் கணக்கில் ஏறிய பொருளைக் கணக்கிலிருந்து இறக்குவது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் சிப்பியை இறக்க வேண்டி வரும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

அடுத்த வருஷம் எங்கள் மகளுக்குக் குடற்காய்ச்சல் வந்தது. அவளுக்கு வயது நான்கு. எங்களுக்கு அவள் ஒருத்திதான். காய்ச்சல் விட்டபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். நிற்க வைத்தால் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிடுவாள். தூத்துக்குடி டாக்டர் அவளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தினம் ஒரு முட்டை கொடுங்கள். இல்லையென்றால் இவள் தேற மாட்டாள்," என்றார்.

என் மனைவியின் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில், நெல் விளையும் கிராமம். இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட அவள் வாயால் சொன்னதில்லை, "அது" என்பாள்.

"அதைக் குடுக்கச் சொல்லுதாரே. எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிய வேண்டாம்."

"இங்கன இருக்கிற வரைக்கும் தெரியாது," என்றாள். அந்தப் பொட்டல் வெளியில் எங்களுக்குக் கிடைத்த ஒரே வசதி அதுதான். உறவுக்காரர் கண் எட்டாத தூரம்.

முட்டைக்கு எங்கே போவது? யுத்த காலம். கரையோரத்து முட்டை எல்லாம் துறைமுகத்துக் கப்பல்களுக்குப் போய்விடும். பக்கத்து மீனவர் குப்பத்தில் ஓர் அம்மாள், என் மனைவி அக்கா என்று கூப்பிடுபவள், இரண்டு பெட்டைகளையும் ஒரு சேவலையும் பஞ்சாரக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்து இறக்கினாள்.

"ஏளா, வாங்கித் திங்கிற முட்டை எத்தனை நாளைக்கு? வளத்துக்கோ. உன் குசினிக்குள்ள கொண்டு போகாண்டாம். வெளிய மூணு கல்லை வச்சு அவிச்சுக் குடு. உங்க சாமி வெளிய வந்தா பாக்கப் போகுது?"

"பாத்தாலும் பாக்கட்டும்," என்றாள் என் மனைவி. "காய்ச்சலை அவருதான குடுத்தாரு."

முதல் முட்டையை அவள் அகப்பையால் எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவித்தாள். கொஞ்ச நாளில் கையாலேயே எடுத்தாள். இன்னும் கொஞ்ச நாளில் எந்தக் கோழி இட்டது என்று நிறத்தைப் பார்த்தே சொன்னாள். கோழிகள் பகலெல்லாம் சிப்பி மேட்டைக் கொத்திக்கொண்டிருக்கும். அதனால் அவை இட்ட முட்டையின் ஓடு அவ்வளவு கெட்டி. தட்டித்தான் உடைக்க வேண்டும். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரை விட்டாள்.

கோழிக்குத் தீனி போட்டால் எலி வரும். மேட்டில் ஏற்கெனவே இருந்த எலிகளுக்கு இப்போது சாப்பாடும் கிடைத்தது. அதன்பின் எங்கள் வீட்டைச் சுற்றிப் பாம்பு இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. சாரைகள் வேலியோரம் கயிறு உலர்த்தியதுபோல் கிடக்கும். அவற்றை நாங்கள் பொருட்படுத்துவதை விட்டுவிட்டோம். மேட்டின் உச்சியில் ஒரு நல்ல பாம்பு காலை வெயிலில் படுத்திருக்கும். கோழிகள் அதற்கும் தங்களுக்கும் நடுவில் ஓர் எல்லை வகுத்துக்கொண்டு இந்தப் பக்கமே மேயும். சுருட்டை விரியன்தான் கெட்டது. ஒரு சாண் நீளம், மண்ணின் நிறம். விறகுக் கட்டில், ஆட்டுக்கல்லுக்கு அடியில், கழற்றிப் போட்ட செருப்பின் ஓரத்தில் எங்கும் இருக்கும். சுருண்டு உடம்பை உடம்போடு தேய்க்கும்போது ரம்பம் அறுப்பதுபோல் ஒரு சத்தம் வரும். கடல் காற்று பலமாக அடித்தால் அதுவும் கேட்காது.

என் மனைவி கோழிகளின் குரலைக் கற்றுக்கொண்டாள். முட்டையிட்டுக் கேறுவது ஒன்று, பருந்துக்குக் கத்துவது ஒன்று, பாம்புக்கு ஒன்று. பாம்பென்றால் எல்லாக் கோழியும் ஒரே பக்கம் பார்த்து, கழுத்தை நீட்டி, விட்டுவிட்டு ஒரு சத்தம் கொடுக்கும். அது கேட்டதும் அவள் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். நான் கம்பை எடுத்துக்கொண்டு போவேன். போய்ச் சேரும்போது பாம்பு மேட்டுக்குள் போயிருக்கும். மேட்டைக் கிளறினால் அரசாங்கப் பொருளைக் கலைத்தவன் ஆவேன். கம்போடு திரும்பி வருவேன்.

ஊருக்கு வெளியே சுண்ணாம்புக் காளவாசல் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"சார்வாள், ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலு வண்டியைக் கட்டிட்டு வாரேன். மேட்டை அள்ளிட்டுப் போயிருதேன். எனக்குச் சுண்ணாம்பாச்சு, உங்களுக்குப் பூச்சித் தொல்லை விட்டாச்சு." பாம்பைப் பெயர் சொல்லாமல் பூச்சி என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"அது கணக்கில் இருக்கிறது, அண்ணாச்சி."

"என்னன்னு இருக்கு?"

"உபயோகமற்ற சிப்பி என்று."

அவர் என்னைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "உபயோகமில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பெறகு என்ன?"

"உபயோகமற்றதைக் கழிக்கவும் அனுமதி வேண்டும்."

"யாரு குடுக்கணும்?"

"மதராஸ்."

"மதராஸ்ல இருந்து பாத்தா இந்தப் பூச்சி தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார். "நீங்க எழுதுங்க. எழுதிக்கிட்டே இருங்க."

எழுதினேன். நான் எழுதியதிலேயே சிறந்த மனு அது என்று இன்றும் சொல்வேன். மேட்டின் இடம், வயது, அதில் வாழும் ஜந்துக்கள், குடியிருப்பில் ஒரு நோயாளிக் குழந்தை இருப்பது எல்லாவற்றையும் பத்தி பிரித்து எழுதி, பொருத்தமான விதிகளைக் காட்டி, உரிய வழியாக அனுப்பினேன்.

முதலில் வந்தது பதிலல்ல, கேள்வி. மேட்டின் எடை என்ன? எடை போட வேண்டுமானால் மேட்டைக் கலைக்க வேண்டும், கலைக்கத்தான் அனுமதி கேட்கிறேன் என்று பணிவுடன் எழுதினேன். பிறகு இன்னொரு கேள்வி. மேட்டில் முத்து எதுவும் தங்கியிருக்கவில்லை என்பதற்குச் சான்று உண்டா? ஒவ்வொரு ஓடாகத் திறந்து பார்க்காமல் அப்படிச் சான்று கொடுக்க முடியாது என்று அதற்கும் பணிவுடன் எழுதினேன். மூன்றாவது கேள்வியை எழுதியவர் கெட்டிக்காரர். பாம்புகள் இரை தேடி வருவதாகத் தெரிகிறது. குடியிருப்பில் கோழி வளர்க்கப்படுகிறதா? ஆம் எனில், அரசாங்க வளாகத்தில் கோழி வளர்க்க எந்த உத்தரவின் பேரில் அனுமதி பெறப்பட்டது?

அந்தக் காகிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மகள் அப்போது முற்றத்தில், கோழிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. நடையைவிடக் கொஞ்சம் வேகம்.

"இதுக்கு என்ன எழுதப் போறீங்க?"

"ஆம் என்று எழுதினால் கோழியை அப்புறப்படுத்தச் சொல்வார்கள். இல்லை என்று எழுதினால் பொய்."

"எழுதாதீங்க," என்றாள். "பாம்பு இருந்துட்டுப் போகுது. கோழி போனா பிள்ளை போயிரும்."

எழுதவில்லை. கோப்பு அங்கேயே நின்றது. நான் நினைவூட்டக்கூட முடியாது. நினைவூட்டினால் கோழியும் நினைவுக்கு வரும்.

அதற்கு அடுத்த ஆனி மாதத்தில், ஒரு பெட்டை பஞ்சாரத்தில் முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. எங்கோ ஒளித்து இடுகிறது என்று மனைவி சொன்னாள். தேடினோம், கிடைக்கவில்லை. மகள் கண்டுபிடித்தாள். ஐந்து வயதுக் கண்ணுக்கு அது எளிது; தரையோடு தரையாகப் பார்க்கும். மேட்டின் அடியில், சிப்பிகளுக்கு நடுவில் ஒரு பொந்து. காலை பதினொரு மணி இருக்கும். நான் கிடங்கு வாசலில் கயிறு எண்ணிக்கொண்டிருந்தேன். தென்மேற்குக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கோழிகள் கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. மனைவிக்கும் கேட்கவில்லை.

மகள் என் முன்னால் வந்து நின்றாள். ஒரு கையில் முட்டை. மறு கையை நீட்டினாள்.

"யப்பா, சிப்பி குத்திட்டு."

நடு விரலில் இரண்டு புள்ளி. சிப்பி இரண்டு புள்ளியாகக் குத்தாது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பொந்தின் வாயில் அது இன்னும் சுருண்டு, தேய்த்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அதை நான் அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது மனைவி சேலை முந்தியைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் முட்டையைக் கீழே போடாமல் வைத்திருந்தாள்.

காளவாசல் அண்ணாச்சியின் மாட்டு வண்டி எங்களை வேம்பார் சாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து தூத்துக்குடிக்குப் பஸ். அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்புறம் ஓர் உலையைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் நின்றுவிடும். நின்றது. கண்டக்டர் இறங்கிப்போய் உலையைக் கிண்டினான்.

"எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"பத்திக்கிட்டா போகலாம் சார்."

வண்டியில் இருந்தவர்கள் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் எங்கிருந்தோ வேப்பிலை பறித்து வந்து மகள் வாயில் வைத்தார். "கசக்காம்மா?"

"கசக்கு."

"கசக்குதுன்னு சொல்லுதா. அப்பொ விஷம் ஏறலை."

"நீரு சும்ம இரும், அண்ணாச்சி," என்றார் பின் சீட்டில் இருந்தவர். "வேப்பிலை நல்ல பாம்புக்குல்லா. சுருட்டைக்கு மிளகு."

"மிளகு கட்டு விரியனுக்கு. உமக்கு என்ன தெரியும்?"

"எங்க மாமனை மூணு தடவை கடிச்சிருக்கு. எனக்குத் தெரியாதா?"

"மூணு தடவை கடி வாங்கின மனுசன்கிட்டயா வைத்தியம் கேக்கணும்?"

யாரோ சிரித்தார்கள். என் மனைவி தலையைத் திருப்பாமல், "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுதீங்களா?" என்றாள். உலையைக் கிண்டும் சத்தம் மட்டும் கேட்டது. மகளின் கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "கடித்தது எது? பார்த்தீர்களா?"

"சுருட்டை விரியன். நானே பார்த்தேன்." சரியான விவரம் கொடுத்ததில் எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. "மருந்து இருக்கிறதா?"

"இருக்கிறது. நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் இருக்கிறது. சுருட்டைக்கு இன்னும் செய்யவில்லை."

"வேறு எங்கே கிடைக்கும்? மதராஸுக்குத் தந்தி கொடுக்கிறேன். இதற்கு மேலே யாரிடம் கேட்க வேண்டும்?"

அவர் வயதில் என்னைவிடச் சின்னவர். என் தோளில் கை வைத்து, "இதற்கு மேலே யாரும் இல்லை, சார். உட்காருங்கள்," என்றார்.

உட்கார்ந்தோம். என் வாழ்நாளில் ஒரு காரியத்தில் அடுத்த படி என்ன என்று எனக்குத் தெரியாமல் போனது அங்கேதான். மறுநாள் மகளின் பல் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. ஊசி போட்ட இடத்தில் நிற்காமல் வந்தது. மனைவி பஞ்சால் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "முட்டையை அவிச்சியாம்மா?" என்று மகள் கேட்டாள். அவித்துவிட்டேன் என்று மனைவி சொன்னாள். அது கட்டிலுக்கு அடியில், என் மேல்துண்டில் சுற்றி இருந்தது.

சில நாள் அப்படியே போயிற்று. பிறகு ரத்தம் நின்றது. எதனால் நின்றது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. "நின்றுவிட்டது," என்றார். விரல் கறுத்துவிட்டதால் முதல் கணுவோடு எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று மனைவி துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாங்க எங்க ஊருக்குப் போறோம்."

"அங்கே முட்டை கிடையாதே."

"கிடையாதுதான். மிச்ச விரலாவது இருக்கும்லா."

அவர்களை ஸ்ரீவைகுண்டத்து ரயிலில் ஏற்றிவிட்டு நான் முகாமுக்குத் திரும்பினேன். அடுப்படி வாசலைத் திறந்தேன். எதிரே மேடு இல்லை. வெள்ளையாகத் தூள் படிந்த தரை மட்டும் இருந்தது. அதற்கு அப்பால், இத்தனை வருஷம் அந்த வாசலில் இருந்து தெரியாத கடல்.

காளவாசல் அண்ணாச்சி வந்தார். "பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குப்பத்து ஆள்க எல்லாரும் சேந்து அள்ளிட்டோம் சார்வாள். உங்களைக் கேட்டா நீங்க மாட்டேன்னுதான் சொல்லணும். அதான் கேக்கலை."

குப்பத்துக்காரர்கள் அத்தனை பேரும் படகை நிறுத்திவிட்டு வந்து கூடை சுமந்திருக்கிறார்கள். யாரும் எதுவும் வாங்கவில்லை. சுண்ணாம்பில் பாதியை அண்ணாச்சி அவர்களுடைய மாதா கோயிலுக்கே கொடுத்துவிட்டார். அரசாங்கத்தின் சிப்பி கோயில் சுவரில் பளபளத்துக்கொண்டிருந்தது.

மேட்டில் இருந்த பாம்புகள் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவை என் வீட்டுக்கு வந்தன. கூரைச் சந்தில், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், கிடங்கில் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் குடியேறின. கயிறு எண்ணும்போது ஒவ்வொன்றையும் கம்பால் தொட்டு, அசையாததை எண்ணினேன். கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசிப் பெட்டையை, கோழி கொடுத்த குப்பத்து அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த இடத்தைவிட்டு மாற்றல் கேட்டு 1943-இல் எழுதினேன். பதில் வாயிலாக அல்ல, ஆய்வுக்கு வந்த மேலதிகாரி வாயிலாகவே விஷயம் தெரிந்தது. பொருளில் குறைவு உள்ளவன் பொறுப்பை ஒப்படைக்க முடியாது. ஒப்படைக்காதவனை மாற்ற முடியாது. கணக்கில் ஒரு மேடு இருந்தது, தரையில் இல்லை. நான் அதைக் கணக்கிலிருந்து நீக்க அனுமதி கோரினேன். எடுத்தது யார் என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீடாகத் தெரியும். பெயர்களை எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு மாதத்தில் காரியம் முடிந்திருக்கும். அரசாங்கச் சொத்தைத் திருடியதாக ஒரு குப்பத்தையே கோர்ட்டில் நிறுத்தியிருப்பார்கள். "நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். திரும்பியபோது மேடு இல்லை," என்று எழுதினேன். இரண்டும் உண்மை. மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதையே எழுதினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

எனக்கு மாற்று ஆள் கிடைக்காததால் விடுப்பும் அரிதாகத்தான் கிடைத்தது. முதல் தடவை ஊருக்குப் போனபோது மகள் கன்னம் உப்பியிருந்தாள். முட்டை இல்லாமல் எப்படி என்று மனைவியிடம் மெல்லக் கேட்டேன். அவள் என்னை மாட்டுத் தொழுவுக்குக் கூட்டிப்போனாள். வைக்கோலுக்குப் பின்னால் ஒரு பஞ்சாரம். அதில் ஒரு பெட்டை.

"அப்பா கொண்டாந்தது," என்றாள்.

மாமனார் பின்னாலேயே வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. "பிள்ளைக்கு மருந்துன்னு எங்கிட்ட ஒரு கார்டு போட்டிருக்கலாமே, மாப்பிள்ளை," என்றார். "ஊருக்கெல்லாம் எழுதுவீங்களே."

நான் குனிந்து பஞ்சாரத்துக்குள் பார்த்தேன்.

அடுத்தடுத்த தடவைகளில் மகள் வளர்ந்துகொண்டே போனாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். குறை விரலோடு பலப்பம் பிடித்து எழுதக் கற்றுக்கொண்டாள். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மனைவி நான் வரும்போதெல்லாம், "பதில் வந்துட்டா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். யுத்தம் முடிந்தது. பஸ்களுக்குப் பெட்ரோல் வந்தது. கடலில் சிப்பி விளையவில்லை.

கடைசியாக நான் போயிருந்தபோது, மகள் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, வந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த மரியாதையோடு, "நீங்க எப்ப ஊருக்குப் போறீங்கப்பா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு," என்றேன்.

"போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

உபயோகமற்ற சிப்பி ஒரு மேட்டைக் கணக்கிலிருந்து நீக்க அனுமதித்தும், என் மாற்றலுக்குத் தடை இல்லை என்று தெரிவித்தும் மேலிடத்துப் பதில் என் கைக்கு வந்து சேர்ந்தது, 1946-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை.